நாளுக்கொரு சிங்கம்: 83 வயதில் ஹொக்குசாய் வரைந்த ஓராண்டு



நாளுக்கு ஒரு வேடிக்கைப் பூதம் என்று ஆண்டு முழுவதும் வரைந்து முடிப்பதாக உறுதி எடுத்துக்கொள்ளும் ஓவியர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். 365 நாள்கள், 365 பூதங்கள். பார்ப்பதற்கு இது இக்காலத்துப் பொழுதுபோக்கு போலத் தோன்றும். ஆனால், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே சப்பானில் ஒரு முதியவர் இதைச் செய்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 83. பொழுது போகாமல் அவர் அதைச் செய்யவில்லை. குடும்பத்தில் தீராத ஒரு துன்பம் இருந்தது. அதற்கு மருந்தாக அவர் கையில் எடுத்தது தூரிகை.

அந்த முதியவரின் பெயர் கட்சுஷிக்கா ஹொக்குசாய். அந்த ஓராண்டின் கதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம்.

யார் இந்த ஹொக்குசாய்?

பெயரைக் கேட்டிராதவர்களும் அவருடைய படம் ஒன்றைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வானளாவ எழுந்து நகங்களைப் போல் விரியும் நீல அலை, அதன் அடியில் சிக்கிய படகுகள், தொலைவில் சின்னஞ்சிறியதாக ஃபூஜி மலை. ‘பேரலை’ என்று உலகமே அறிந்த அந்த அச்சுப்படம் 1831ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தது. ‘ஃபூஜி மலையின் 36 காட்சிகள்’ என்ற வரிசையில் அதுவும் ஒன்று. வரிசை பெரும் வரவேற்பைப் பெற்றதால் பின்னர் 10 படங்கள் சேர்க்கப்பட்டு மொத்தம் 46 ஆயின. அந்த வரிசை வெளிவந்தபோதே அவர் 70 வயதைக் கடந்திருந்தார்.

ஹொக்குசாய் 1760இல் எடோ நகரத்தில் பிறந்தவர். இன்றைய தோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. வாழ்நாளில் 30க்கும் மேற்பட்ட புனைபெயர்களை மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டவர். 90க்கும் மேற்பட்ட முறை வீடு மாறியவர் என்றும் சொல்வர். வீட்டைப் பெருக்குவதில் அவருக்கு அக்கறை கிடையாதாம்.

ஆசிரியர்களாகிய நமக்கு அவரிடம் ஒரு தனி உறவு உண்டு. அவர் பாடநூல் எழுதியவர்! 1812இல் விரைவாக வரையக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். வட்டம், சதுரம் போன்ற எளிய வடிவங்களிலிருந்து விலங்குகளையும் மனிதர்களையும் எப்படி உருவாக்குவது என்று அதில் காட்டினார். கவராயமும் அடிக்கோலும் இருந்தால் எவரும் வரையத் தொடங்கலாம் என்பது அதன் அடிப்படை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1814இல், ‘ஹொக்குசாய் மங்கா’ என்ற படத்தொகுப்பின் முதல் தொகுதி வந்தது. கற்பவர்கள் பார்த்து வரைவதற்கான மாதிரிகள் அவை. மொத்தம் 15 தொகுதிகள். கடைசித் தொகுதி அவர் மறைவுக்குப் பிறகு, 1878இல் வெளிவந்தது. குளிப்பவர், மல்யுத்தம் புரிபவர், தவளை, பூசணிக்காய், பேய், பிசாசு என எல்லாம் அதில் உண்டு. மூன்று கண் பூதம் ஒன்று மூக்குக்கண்ணாடிக்காரரிடம் வந்து நிற்கும் படம்கூட உண்டு. மூன்று கண்ணுக்கு மூன்று வில்லை வேண்டுமல்லவா!

பூதங்களை விரும்பிய ஊர்

பூதம் வரைவது எடோ நகரத்தில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருந்தது. 1776இல் தொரியாமா செக்கியென் என்ற ஓவியர், மக்கள் வாய்மொழியில் உலவிய பூதங்களை எல்லாம் தேடி, பக்கத்துக்கு ஒன்றாகப் பெயருடன் வரைந்து நூலாக்கினார். மாணவர்கள் பறவைகளின் பெயரை அறிந்துகொள்வதுபோல், எடோ மக்கள் பூதங்களின் பெயரை அறிந்துகொண்டனர்.

‘நூறு கதைகள்’ என்றொரு விளையாட்டும் இருந்தது. இரவில் நண்பர்கள் கூடி நூறு விளக்குகளை ஏற்றி வைப்பார்கள். ஒவ்வொரு பேய்க்கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைப்பார்கள். நூறாவது விளக்கு அணையும்போது உண்மையான பேய் வரும் என்பது நம்பிக்கை. இந்த விளையாட்டின் பெயரிலேயே ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டையொட்டிச் சில அச்சுப்படங்களை வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைப்பவை ஐந்து. தட்டை உடைத்ததற்காகக் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்ட பணிப்பெண்ணின் ஆவி அவற்றுள் ஒன்று. அவளுடைய கழுத்தையே அடுக்கடுக்கான தட்டுகளால் வரைந்திருப்பார். இன்னொன்றில், கொலையுண்டவனின் எலும்புருவம் கொசுவலைக்கு மேலாக மெல்ல எட்டிப் பார்க்கும். அச்சமும் சிரிப்பும் சேர்ந்தே வரும் படங்கள் அவை.

ஆகவே, பூதம் வரைவது அவருக்குப் புதிதன்று. ஆனால், அந்தப் படங்கள் எல்லாம் விற்பனைக்காக வரையப்பட்டவை. 1842இல் தொடங்கியவை அப்படிப்பட்டவை அல்ல.

வீட்டுக்குள் வந்த துன்பம்

ஹொக்குசாயின் முதுமை அமைதியாகக் கழியவில்லை. 1820களின் இறுதியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அதிலிருந்து மீண்டார். 1828இல் மனைவி இறந்தார். 1830களில் நாடெங்கும் கொடிய பஞ்சம். 1839இல் வீடு தீப்பற்றி, சேர்த்து வைத்திருந்த வரைவுகள் எரிந்து போயின. மகள் ஓயியும் அவரும் தூரிகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியதாகச் சொல்வர். ஓயி மணமுறிவுக்குப் பின் தந்தையுடன் வாழ்ந்தவர். தாமே சிறந்த ஓவியர்.

இவற்றையெல்லாம் விட அவரை அதிகம் வாட்டியது பேரனின் நடத்தை. மூத்த மகளுக்கும், ஹொக்குசாயின் மாணவரான யனகாவா ஷிகெனொபுவுக்கும் பிறந்தவன் அவன். பெற்றோரின் மணவாழ்வு முறிந்தது. பிள்ளை தாத்தாவின் பொறுப்புக்கு வந்தான். வளர்ந்ததும் சூதாட்டத்தில் இறங்கினான். கடன் வாங்கினான். கடன்காரர்கள் தாத்தாவைத் தேடி வந்தனர். நாடறிந்த ஓவியர் ஒருவர் வறுமையில் உழன்றதற்கு இந்தக் கடன்களும் ஒரு காரணம். பேரனைப் பற்றிய கவலை அவருடைய கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. 1830களின் நடுவில் அவர் எடோவை விட்டு உராகா என்ற கடற்கரை ஊரில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்ததற்கும் இந்தப் பேரனே காரணம் என்று கருதுவோர் உண்டு.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பள்ளிகளுக்கு வரும் தாத்தா பாட்டிகளின் நினைவு வரும். பெற்றோர் பிரிந்திருப்பார்கள், அல்லது வேலைக்காகத் தொலைவில் இருப்பார்கள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வருபவர் 70 வயதுப் பாட்டியாக இருப்பார். “நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான் ஐயா, நீங்கள் சொல்லுங்கள்” என்பார். உலகம் போற்றும் ஓவியரும் அந்தப் பாட்டியின் நிலையில்தான் இருந்தார்.

நாளுக்கொரு சிங்கம்

1842ஆம் ஆண்டின் இறுதியில், சப்பானியப் பழைய நாள்காட்டியின்படி 11ஆம் மாதத்தில், ஹொக்குசாய் புதிய வழக்கம் ஒன்றைத் தொடங்கினார். காலையில் ஒரு தாளை எடுத்து மையும் தூரிகையுமாக ஒரு சிங்கத்தை வரைவார். அன்றைய நாளைக் குறிப்பார். மறுநாள் இன்னொரு சிங்கம்.

இது விலங்குக் காட்சிசாலைச் சிங்கமன்று. ‘கரஷிஷி’ என்று சப்பானியர் அழைக்கும் சீனச் சிங்கம். சப்பானியக் காடுகளில் சிங்கம் கிடையாது. பௌத்த சமயத்துடன் இந்தியாவிலிருந்து புறப்பட்டு, சீனத்தையும் கொரியாவையும் கடந்து சப்பானுக்கு வந்து சேர்ந்த உருவம் அது. நேரில் பார்த்திராத விலங்கை ஒவ்வொரு நாட்டுக் கலைஞரும் தம் கற்பனைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வந்ததால், சுருள் சுருளான பிடரி, உருண்டைக் கண், அகன்ற வாய் என்று அது ஒரு பூதமாகவே ஆகிவிட்டது. தீயவற்றை விரட்டும் காவல் பூதம். சீனப் புத்தாண்டின்போது நம் ஊர்களில் ஆடும் சிங்க நடனத்துச் சிங்கமும் இதன் உறவுதான். சப்பானிலும் புத்தாண்டில் சிங்க ஆட்டம் உண்டு. சிங்கம் குழந்தையின் தலையைக் கவ்வுவதுபோல் செய்தால் அந்தக் குழந்தை நோய்நொடியின்றி வளரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. புதுவீட்டின் முகப்பில் நாம் கட்டித் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் வேலையைத்தான் இந்தச் சிங்கமும் செய்கிறது.

ஹொக்குசாயின் சிங்கங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று பாய்கிறது. ஒன்று திரும்பிப் பார்த்து உறுமுகிறது. சில படங்களில் சிங்கமே இல்லை. சிங்க முகமூடி அணிந்து மனிதர்கள் ஆடுகிறார்கள். சில சீறுகின்றன, சில நம்மைச் சிரிக்க வைக்கின்றன. நான்கைந்து வீச்சுகளில் முதுகு, இரண்டு சுழிப்பில் பிடரி, அவ்வளவுதான். அழித்துத் திருத்திய தடம் தெரியாது. மையும் தூரிகையும் கொண்டு வரைபவர் அழிப்பான் பயன்படுத்த முடியாது அல்லவா!

1893இல் இயிஜிமா க்யோஷின் என்பவர் ஹொக்குசாயின் வரலாற்றை நூலாக எழுதினார். அதில் ஒரு செய்தி உண்டு. ஹொக்குசாய் காலைதோறும் சிறு தாளில் சிங்கம் வரைந்து, அதைச் சுருட்டி வீட்டுக்கு வெளியே எறிந்துவிடுவாராம். ஒருவர் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்து வியந்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாராம். பேரன் என்னும் தீய ஆவியை ஓட்டுவதற்கான மந்திரம் இது என்று அவர் மறுமொழி சொன்னாராம். இந்தப் படங்கள் உடல்நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்குமான வேண்டுதல் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எனக்குத் தோன்றவில்லை. 83 வயதில் பேரனின் கடனைச் சுமப்பவருக்கு ஆயுளும் வேண்டும், அமைதியும் வேண்டும்.

இந்தத் தொகுதிக்கு ‘நிஷ்ஷின் ஜோமா’ என்று பெயர். ‘நாள்தோறும் புதிதாகி, தீயதை நீக்குதல்’ என்று பொருள் கொள்ளலாம். ‘நாள்தோறும் புதிதாதல்’ என்பது கன்ஃபூசிய நூல்களுள் ஒன்றான ‘பெருங்கல்வி’யில் வரும் கருத்து.

அதே ஆண்டில் நாட்டில் நடந்தவை

வீட்டுக்கு வெளியிலும் நிலைமை நன்றாக இல்லை. 1841இல் எடோ அரசு கடுமையான சீர்திருத்தங்களைத் தொடங்கியது. தலைமையேற்றவர் மிசுனோ தடகுனி என்ற மூத்த அமைச்சர். 1842இல் நடிகர்களையும் அழகியரையும் அச்சுப்படங்களில் வரைவதற்குத் தடை வந்தது. ஓவியர்களின் பிழைப்பில் இது பேரடி. ஹொக்குசாயின் நண்பரும் புகழ்பெற்ற எழுத்தாளருமான ரியூத்தெய் தனெஹிக்கோ அரசின் கண்டனத்துக்கு ஆளானார். அதே 1842இல் இறந்தும் போனார்.

1843இல் உத்தகாவா குனியோஷி என்ற இன்னொரு ஓவியர் மூன்று தாள்களில் விரியும் பூதப்படம் ஒன்றை வெளியிட்டார். நோயுற்றுப் படுத்திருக்கும் தலைவன், அவனைச் சூழ்ந்த சிலந்திப் பூதம், பின்னால் படையெடுத்து வரும் விதவிதமான வேடிக்கைப் பூதங்கள். பழங்கதையைச் சொல்லும் படம்தான். ஆனால், பின்னால் வரும் பூதங்கள் எல்லாம் புதிய சட்டங்களால் பாதிக்கப்பட்ட மக்களே என்று ஊர் பேசத் தொடங்கியது. அஞ்சிய பதிப்பாளர் விற்பனையை நிறுத்திவிட்டார்.

ஒரே ஊரில், ஒரே ஆண்டில், இரண்டு ஓவியர்கள் பூதம் வரைந்தார்கள். ஒருவருடைய பூதங்கள் அரசைப் பார்த்துச் சிரித்தன. மற்றவருடைய பூதங்கள் விற்பனைக்கும் வரவில்லை, எவரையும் குத்திக்காட்டவும் இல்லை. ஒரு வீட்டின் வாசலைக் காத்து நின்றன.

219 என்னும் எண்

1843ஆம் ஆண்டு சப்பானியப் பழைய நாள்காட்டியில் சற்று நீண்ட ஆண்டு. சீன நாள்காட்டியைப்போல் அதிலும் சில ஆண்டுகளில் கூடுதல் மாதம் ஒன்று வரும். அவ்வாண்டில் ஒன்பதாம் மாதத்துக்குப் பின் அப்படி ஒரு மாதம் வந்தது. அதாவது 13 மாதங்கள்! அந்தக் கூடுதல் மாதத்தில்தான் அமைச்சர் மிசுனோ பதவியிழந்தார். ஹொக்குசாயின் சிங்கங்களோ 12ஆம் மாதம் வரை தொடர்ந்தன. முந்தைய ஆண்டின் இறுதியில் தொடங்கியதையும் சேர்த்தால் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம்.

இன்று நம்மிடம் இருப்பவை 219 படங்கள். மட்சுஷிரோ சிற்றரசின் பணியாளரான மியாமோத்தோ ஷின்சுக்கே என்பவருக்கு ஹொக்குசாய் அவற்றைக் கொடுத்தார். மியாமோத்தோ குடும்பம் அவற்றைத் தலைமுறைகளாகக் காத்து வந்தது. இன்று அவை கியூஷூ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சப்பானிய அரசு அவற்றை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துள்ளது.

219 படங்கள் என்றால் எல்லா நாள்களுக்கும் படம் இல்லை என்பது தெளிவு. நம் பார்வையில் இது ‘முழுமை பெறாத ஒப்படைப்பு’. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழித்திருப்போம்! ஆனால், அந்தத் தொகுதியைப் பார்ப்பவர் எவரும் அதைக் குறையாகக் காண்பதில்லை. விடுபட்ட நாளுக்குப் பின் அவர் மீண்டும் தூரிகையை எடுத்தார் என்பதைத்தான் அடுத்த நாளின் சிங்கம் சொல்கிறது.

மந்திரம் பலித்ததா?

நண்பர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. சிங்கம் வரைந்ததால் பேரன் திருந்திவிட்டான் என்று முடித்தால் நல்லொழுக்கக் கதையாக இருக்கும். வரலாறு அப்படி எதையும் சொல்லவில்லை. தாள்களில் வரைந்த சிங்கங்கள் சூதாட்டக் கடனை அடைக்கவில்லை.

ஆனால், பலன் வேறு இடத்தில் தெரிகிறது. அந்த ஓராண்டுக்குப் பிறகு, 1844இல், ஹொக்குசாய் எடோவிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஒபுசே என்ற மலைநாட்டு ஊருக்குச் சென்றார். அங்கு விழாத்தேர் ஒன்றின் மேற்கூரையில் கடல்நாகத்தையும் ஃபீனிக்ஸ் பறவையையும் வரைந்தார். மறுவருடம் இன்னொரு தேருக்குப் பேரலைகளை வரைந்தார். 85 வயதை நெருங்கியவர் நிமிர்ந்து பார்க்கவேண்டிய மேற்கூரைகளுக்கு வரைந்த அந்தப் படங்களை இன்றும் ஒபுசேயில் காணலாம். பேரனை அந்தச் சிங்கங்கள் காத்தனவோ இல்லையோ, தாத்தாவின் கையைக் காத்தன.

மனத்தையும் காத்தன என்பேன். 1834இல் வெளிவந்த தம் ஃபூஜி மலை நூலின் பின்னுரையில் ஹொக்குசாய், 70 வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றுள் எதுவும் பொருட்படுத்தத் தக்கதன்று என்றும், 110 வயது வரை வாழ்ந்தால் தம்முடைய ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்றும் எழுதியிருக்கிறார். தம்மைக் கற்பவராகவே கருதிய ஒருவரால்தான் 83 வயதில் பள்ளிப்பிள்ளையைப்போல் நாளுக்கொரு தாள் எடுத்து உட்கார முடியும். துன்பம் தந்த பேரனைப் பேயாக அவர் வரையவில்லை.  துள்ளுகின்ற, உறுமுகின்ற, சில வேளை சிரிக்கவைக்கின்ற காவல் பூதங்களை வரைந்தார். காலையின் முதல் வேலை அது. கவலை அதற்குப் பிறகுதான் வர முடியும்.

1849இல், சப்பானியக் கணக்கில் 90 வயதில், ஹொக்குசாய் மறைந்தார். இன்னும் ஐந்தாண்டு கிடைத்திருந்தால் உண்மையான ஓவியன் ஆகியிருப்பேன் என்று அவர் இறுதியில் ஏங்கியதாகச் சொல்வர்.

நம் வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

காட்சிக்கலைப் பாடத்திலோ விடுமுறைக் காலத்திலோ ‘நாளுக்கொரு பூதம்’ திட்டத்தைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரைகள் சில:

1. தாள் சிறியதாக இருக்கட்டும். உள்ளங்கை அளவுத் தாளில் ஐந்து நிமிடத்தில் முடிகின்ற படமே நாள்தோறும் தொடரும்.

2. நாளைக் குறிக்கச் சொல்லுங்கள், மதிப்பெண் இடாதீர்கள். ஹொக்குசாயின் சிங்கங்களில் தேதி உண்டு, புள்ளி கிடையாது.

3. ஒரே பூதத்தை மீண்டும் மீண்டும் வரைய விடுங்கள். நாள்தோறும் புதுப்பூதம் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்தாம் நாளில் களைத்துவிடுவார்கள். ஹொக்குசாய் ஓராண்டு முழுவதும் சிங்கத்தைத்தான் வரைந்தார். மாறியது அதன் நிற்கும் விதமும் ஓடும் விதமுமே.

4. விடுபட்ட நாள்களைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் நிரப்பச் சொல்லாதீர்கள். விட்ட நாள் விட்டதாகவே இருக்கட்டும். இன்றைய படத்தை இன்று வரைந்தால் போதும்.

5. அழிப்பான் வேண்டாம். மைத்தூவலோ தூரிகையோ கொடுத்துப் பாருங்கள். கோணலாகிப் போன பூதத்தால் எந்தக் கேடும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளையின் நோட்டில் மட்டும் பூதம் இருக்கவேண்டும் என்பதில்லை. நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். குறிப்பாக, சொல் கேளாத பிள்ளையை வளர்க்கும் வீட்டில், அவனோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு சிங்கம் வரைந்து பாருங்கள். அவன் எட்டிப் பார்த்து, “இது என்ன அம்மா, பூனையா?” என்று கேட்டால், அன்றைய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.